நீர்க்கரை மனையில் மூன்று மாடி வீடு: ஆட்சேபனை எழுதுவதா, விட்டுவிடுவதா?

கழிமுகத்துக்காரன்:
வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை, பொறுத்துக்கொண்டு படியுங்கள். எங்கள் வீடு ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, நீர்க்கரையிலிருந்து நாற்பது அடி தள்ளி இருக்கிறது. அப்பா கட்டியது. மேற்குப் பக்கத்து மனையில் ஒரு சின்ன வீடு இருந்தது, அதில் இருந்த பெரியவர் காலமானதும் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதை இடித்துவிட்டு ஏறக்குறைய 7,000 சதுர அடியில் மூன்று மாடி வீடு, கரைப் பக்கம் நீச்சல் குளம், படகு கட்ட ஒரு மேடை, கரை நெடுகக் கான்கிரீட் தடுப்புச் சுவர் என்று திட்ட அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறார். அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து 21 நாள் வரை ஆட்சேபனை தெரிவிக்கலாம். அதில் 12 நாள் போய்விட்டது.

எந்த நாடு, எந்த ஊர் என்று எழுதவில்லை, மனு நிலுவையில் இருக்கும்போது அது சரியில்லை.

என் குறையைச் சொல்கிறேன். மாலை வெயில் மொத்தமாக மறையும். மூன்றாம் மாடியில் நின்றால் எங்கள் முற்றம் முழுக்கத் தெரியும். முகத்துவாரம் பார்த்த ஜன்னலுக்கு இனி சுவர்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், அக்கம்பக்கத்தில் இருப்பதெல்லாம் ஒரு மாடி வீடுகள், நடுவில் இப்படி ஒன்று வந்தால் கரையே வேறு மாதிரி ஆகிவிடும். எழுதினால் பலன் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேடு:
எழுதுங்கள். எழுதாமல் விட்டால் "யாருக்கும் ஆட்சேபனை இல்லை" என்று கோப்பில் ஒரு வரி ஏறிவிடும், அப்புறம் எந்த முறையீட்டிலும் அந்த வரிதான் முன்னால் வந்து நிற்கும். நாங்கள் அப்படித்தான் ஏமாந்தோம்.

சொந்தக்கால்:
என் கருத்து கசப்பாக இருக்கலாம். அவர் காசு, அவர் மனை. உங்கள் ஜன்னலுக்குக் காட்சி வேண்டும் என்றால் அந்த மனையை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும். பெரிய வீடு கட்டுவது குற்றமா? ஏழு பேர் இருக்கும் குடும்பமாக இருக்கலாம், வயதான பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ள நினைக்கலாம்.

வரைபடக்காரர்:
கட்டுமானப் பொறியாளன் நான், இருபது வருடத்துக்கு மேல் கரையோர வேலைதான். கழிமுகத்துக்காரன், நீங்கள் எழுதிய குறைகளில் பாதி செல்லாது, கோபித்துக்கொள்ள வேண்டாம். உதாரணத்துக்கு இங்கிலாந்தில் தனிப்பட்ட ஒருவரின் காட்சி மறைவதையும், பக்கத்துச் சொத்தின் விலை இறங்குவதையும் திட்டக் குழு கணக்கில் எடுக்காது. வெளிச்சம் குறைவது, முற்றத்தை எட்டிப் பார்க்கும் ஜன்னல், வடிகால், வெள்ளம், பொதுப் பாதை, இவற்றை எடுக்கும். பல நாடுகளில் இதே போக்குதான். காட்சி போகிறது என்று இரண்டு பக்கம் எழுதினால் படிக்கிற அதிகாரி மூன்றாம் பக்கத்துக்கு வரமாட்டார், மூன்றாம் பக்கத்தில்தான் உங்கள் உண்மையான பிரச்சினை இருக்கும்.

வீட்டை விடுங்கள். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தத் தடுப்புச் சுவரைப் பற்றிச் சொல்லுங்கள். வரைபடம் பார்த்தீர்களா? சுவர் எங்கே முடிகிறது? உங்கள் எல்லையிலிருந்து எத்தனை அடி? முனை நேராக நிற்கிறதா, உள்பக்கம் திரும்புகிறதா?

கழிமுகத்துக்காரன்:
வரைபடக்காரர் சார், இப்போதுதான் திட்ட அலுவலகத்துக்குப் போய் நான்காம் தாளைப் பார்த்துவிட்டு வந்தேன். சுவர் சரியாக எங்கள் எல்லைக் கல்லில் முடிகிறது. அங்கே ஒரு மீட்டர் மட்டும் உள்பக்கம் திரும்புகிறது. செங்குத்தான சுவர், நீர்மட்டத்திலிருந்து ஆறடி உயரம். இதை நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை, மாடியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வரைபடக்காரர்:
அதுதான் விஷயம்.

செங்குத்தான கான்கிரீட் சுவரில் அலை மோதினால் அதன் வலு அங்கே அடங்காது, திரும்பி வரும். திரும்பும் அலையும் வரும் அலையும் சேர்ந்து சுவரின் காலடியில் மண்ணைத் தோண்டும். அடி ஆழமாக ஆழமாக, பெரிய அலை உடையாமல் கரை வரை வரும். இது சுவருக்கு முன்னால் நடப்பது. சுவரின் முனையில் நடப்பது வேறு. அங்கே நீர் சுவரைச் சுற்றிக்கொண்டு, காவல் இல்லாத பக்கத்து மண்ணைப் பிறை வடிவில் கடிக்கும். புயல் நாட்களில் ஒரே இரவில் பல அடி போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மீட்டர் திருப்பம் அவருடைய சுவரின் பின்புறத்தைக்கூடக் காப்பாற்றாது, உங்கள் மண்ணை எங்கே காப்பாற்றும்.

இன்னொன்று, கரை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்கிற இடத்தில் சுவர் கட்டினால், சுவர் நின்ற இடத்தில் நிற்கும், நீர் மட்டும் முன்னேறும், நடுவில் இருந்த மணல் காணாமல் போகும். ஹவாயின் ஓவாகு தீவில் மணற்கரையில் சுமார் கால்பங்கு இப்படிக் குறுகியோ முற்றாக மறைந்தோ போயிருக்கிறது. அங்கே கரையோர வீடுகளைக் காக்கக் கட்டிய சுவர்கள்தான் முக்கியக் காரணம்.

நீச்சல் குளம், அதற்குத் தோண்டும்போது நிலத்தடி நீரை மோட்டார் போட்டு இறைப்பார்கள். இறைக்கும் மட்டும் உங்கள் அஸ்திவாரத்துக்குக் கீழேயும் நீர் இறங்கும், மண் அமுங்கும். எத்தனை நாள் இறைப்பார்கள், உங்கள் பக்கம் நீர்மட்டத்தை யார் அளப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கேள்வியாக எழுதினால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நெய்தல்மகள்:
கரையோரமாக ஆட்கள் நடந்து போகும் பாதை உண்டா அண்ணா? யாருமே அதைக் கேட்கவில்லையே.

கழிமுகத்துக்காரன்:
உண்டு. எனக்குத் தெரிந்து முப்பது வருடமாக ஒற்றையடிப் பாதை. சின்னப் படகு வைத்திருப்பவர்கள், மாலையில் நடப்பவர்கள், பிள்ளைகள் எல்லாரும் அதில்தான். வரைபடத்தில் பாதையே இல்லை.

நெய்தல்மகள்:
எங்கள் கரையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய வீடு வந்தது. முதலில் ஒரு கயிறு கட்டினார்கள், வேலை நடக்கிறது, பாதுகாப்புக்கு என்றார்கள். அப்புறம் தகரம். அப்புறம் கேட். கேட் போட்ட அன்று யாரும் சண்டை போடவில்லை, ஏனென்றால் தகரம் வந்தபோதே எல்லாரும் சாலை வழியாகச் சுற்றிப்போகப் பழகிவிட்டார்கள். என் தாத்தாவுக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு துடுப்பையும் தோளில் போட்டுக்கொண்டு, லாரி போகிற சாலையில் ஓரமாக ஒண்டி ஒண்டி நடந்து படகுக்குப் போவார். முன்பு நூறு தப்படி, இப்போது கால் மணி நேரம். துடுப்பு நீளம் அல்லவா, திரும்பும்போது பின்னால் வரும் வண்டியில் பட்டுவிடுமோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பார்த்துத் திரும்புவார். ஒரு வருடம் அப்படிப் போனார், பிறகு படகை விற்றுவிட்டார். அவரை யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அதனால் யார் மீது புகார் கொடுப்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

தயவுசெய்து முதல் பக்கத்தில் பாதையை எழுதுங்கள். எத்தனை வருடமாக, யார் யார், எந்த நேரத்தில் என்று பெயரோடு வாக்குமூலம் வாங்குங்கள். பழைய புகைப்படத்தில் பாதை தெரிந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

சட்டப்புத்தகம்:
பாதை விஷயத்தில் நெய்தல்மகள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன், சட்டப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் இயற்கையாகவே எல்லாருக்கும் பொது என்று ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு 533-இலேயே எழுதி வைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் பியாஸ் ஆற்றங்கரை விடுதி வழக்கில் இதே கொள்கையைக் கையில் எடுத்தது. விடுதியைக் காப்பாற்ற ஆற்றின் ஓட்டத்தையே திருப்பப் பார்த்தார்கள். ஆறு மக்களின் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே, தனியாருக்கு எடுத்துக் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

ஆனால் எல்லா வழக்கும் ஒரு பக்கமே போகாது. கலிபோர்னியாவில் நோலன் வழக்கு, 1987. கடற்கரையில் 504 சதுர அடி குடிலை இடித்துவிட்டு மூன்று படுக்கையறை வீடு கட்ட ஒரு குடும்பம் அனுமதி கேட்டது. ஏறக்குறைய உங்கள் பக்கத்து மனை மாதிரிதான். கரையோர ஆணையம் அனுமதி தந்தது, ஆனால் வீட்டுக்கு முன்னால் உள்ள மணலில் பொதுமக்கள் குறுக்கே நடந்து போக வழி விடவேண்டும் என்று நிபந்தனை போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிபந்தனை செல்லாது என்றது. காரணம் கவனியுங்கள்: வீடு சாலையிலிருந்து கடலை மறைக்கிறது என்பதுதான் ஆணையம் சொன்ன தீங்கு. மணலில் நடக்க வழி விட்டால் அந்த மறைப்பு எப்படித் தீரும்? தீங்குக்கும் நிபந்தனைக்கும் தொடர்பு இல்லை, வழி வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கு என்றார்கள்.

கழிமுகத்துக்காரன், உங்களுக்கு இதில் பாடம் உண்டு. காட்சி மறைகிறது என்று குறை சொல்லிவிட்டுப் பாதை கேட்டால் இரண்டும் ஒட்டாது. ஏற்கெனவே இருக்கிற பாதையை இந்தச் சுவர் அடைக்கிறது, அதனால் பாதையை விட்டுக் கட்டு என்று கேட்டால் ஒட்டும்.

சொந்தக்கால்:
சரி, அப்படியென்றால் கட்டுகிறவருக்குச் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது? 1992 லூக்கஸ் வழக்கையும் சொல்லுங்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவில் லூக்கஸ் என்பவர் 1986-இல் 9,75,000 டாலர் கொடுத்து இரண்டு கடற்கரை மனை வாங்கினார், 1988-இல் சட்டம் வந்து அங்கே நிரந்தர வீடே கட்டக்கூடாது என்றது. இரண்டு பக்கமும் வீடுகள் இருக்க இவர் மனை மட்டும் காலி. நிலத்தின் பொருளாதாரப் பயன் முழுவதையும் பறித்தால் ஈடு கொடுக்கத்தான் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசியில் அந்த மாநில அரசு மனைகளைத் தானே வாங்கி, பிறகு வீடு கட்டுகிறவர்களுக்கே விற்றது. கரையைக் காக்கிற அக்கறை அரசுக்கே செலவு தன் தலையில் விழுந்தபோது எவ்வளவு நாள் நின்றது பாருங்கள்.

சட்டப்புத்தகம்:
உண்மைதான், மறுக்கவில்லை. அதனால்தான் வாங்குவதற்கு முன்னால், கரையிலிருந்து எவ்வளவு தூரம் கட்டக்கூடாது என்ற கோடு எங்கே என்று பார்க்க வேண்டும் என்கிறேன். நார்வேயில் கடலிலிருந்து 100 மீட்டருக்குள் பொதுவாகக் கட்டத் தடை. பிரான்சில் 1986 சட்டம், ஊர்ப்பகுதிக்கு வெளியே அதே 100 மீட்டர். ஸ்பெயினிலும் 1988 முதல் 100 மீட்டர் பாதுகாப்புப் பட்டை. இந்தியாவில் 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இருக்கிறது. 2019 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கடலோரத்தில் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து, 50 மீட்டர், அதற்குக் குறைந்த இடங்களில் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி.

இந்தக் கோட்டைப் பார்க்காததன் விலை மரடு. கொச்சி அருகே காயலோரத்தில் நான்கு அடுக்குமாடித் தொகுதிகள். உள்ளாட்சியின் கட்டட அனுமதி கையில் இருந்தது, கடலோர அனுமதி இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வாங்கிக் குடியிருந்தவர்களுக்கு முதல்கட்ட இழப்பீடாக 25 லட்சம் ரூபாய். ஒரு அலுவலகத்தின் முத்திரை இருந்தால் எல்லா அலுவலகமும் சம்மதித்தது போல என்று நினைப்பவர்கள் எத்தனை பேர்!

தென்றல்வீடு:
இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் அந்தப் பக்கத்து மனை ஆள். அதாவது இதே மாதிரி ஏரிக்கரையில் மனை வாங்கிக் கட்டப் போய் மாட்டிக்கொண்டவன்.

விற்றவர் சொல்லவில்லை, தரகர் சொல்லவில்லை, வரைந்து கொடுத்தவரும் "அதெல்லாம் விதிவிலக்கு வாங்கிவிடலாம்" என்றார். பத்திரத்தில் அளவு சரியாக இருந்தது. ஆனால் பழைய அளவு. பத்திரம் எழுதிய பிறகு கரை பதினான்கு அடி உள்ளே வந்திருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் பதினான்கு அடி தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது, சர்வேயர் நீரில் முழங்கால் அளவு இறங்கி நின்று "உங்கள் எல்லை இங்கே" என்று காட்டியதை மறக்க முடியாது. வரைந்த வீட்டை உள்ளே தள்ளினால் சாலைப் பக்க இடைவெளி போதவில்லை. இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் நினைத்ததில் பாதி அளவு வீடு.

எனக்கு எது வலித்தது தெரியுமா, பக்கத்து வீட்டார் ஒருவர்கூட என்னிடம் வந்து பேசவில்லை. பதினொரு ஆட்சேபனைக் கடிதம். ஒன்றில் என்னைப் "பணத்திமிர் பிடித்தவர்" என்று எழுதியிருந்தார்கள். கடன் வாங்கிக் கட்ட வந்தவன் நான். பாதை இருக்கிறது, சுவர் கட்டினால் எங்கள் மண் போகும் என்று யாராவது கதவைத் தட்டிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வரைபடத்தை மாற்றியிருப்பேன். கடிதம் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பேசுங்கள்.

மணல்மேடு:
பேசலாம், ஆனால் நாள் குறைவு. பேசிக்கொண்டே இருந்தால் 21 நாள் முடிந்துவிடும். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

உப்புக்காற்று:
இரண்டு விஷயம். முதலில் அளவு பெரிதா சின்னதா என்பது வெறும் பொறாமைப் பேச்சு இல்லை, சொந்தக்காலுக்குத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் கடலோர விதி வருடத்துக்கு எவ்வளவு அடி கரை அரிக்கிறது என்று எடுத்து, 5,000 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு அதைப் போல 30 மடங்கு தள்ளிக் கட்டச் சொல்கிறது. 5,000-க்கு மேல் போனால் குறைந்தது 60 மடங்கு. வருடம் மூன்றடி அரிக்கிற இடத்தில் சின்ன வீடு 90 அடி தள்ளி, பெரிய வீடு 180 அடி தள்ளி. காரணம் எளிது, சின்ன வீட்டைத் தூக்கிப் பின்னால் நகர்த்தலாம், பெரிய வீட்டை நகர்த்த முடியாது, நகர்த்த முடியாதபோது சுவர் கேட்பார்கள். அங்கே கடலோரத்தில் நிரந்தரத் தடுப்புச் சுவருக்கே தடை இருக்கிறது.

இரண்டாவது செப்டிக் டேங்க். இதை யாரும் பேசவில்லை. அதே வட கரோலினாவில் ரொடாந்தி என்ற இடத்தில் 2020-க்குப் பிறகு பல வீடுகள் கடலில் சரிந்துவிட்டன, 2022 மே மாதம் ஒரே நாளில் இரண்டு. வீடு விழுவதற்கு முன்பே மணல் அரித்து செப்டிக் டேங்க் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். 7,000 சதுர அடி வீட்டுக்கு எவ்வளவு கழிவுநீர், டேங்க் எங்கே, நீர்க்கரையிலிருந்து எத்தனை அடி? நான்காம் தாள் மாதிரி அந்தத் தாளையும் தேடிப் பாருங்கள்.

சொந்தக்கால்:
30 மடங்கு, 60 மடங்கு எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன், கணக்காவது இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். கழிமுகத்துக்காரன் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார், அவர் வீடு நீர்க்கரையிலிருந்து நாற்பது அடி. அவர் எந்த விதியில் கட்டினார்?

கழிமுகத்துக்காரன்:
நியாயமான கேள்வி. அப்பா கட்டியபோது விதி எதுவும் இல்லை. இன்று அதே இடத்தில் கட்ட அனுமதி கிடைக்காது, எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு புயலில் முற்றத்தில் பாதி போனது. அப்போது நான் யாரிடமும் கேட்காமல் நான்கு லாரி கருங்கல் இறக்கிக் கரையில் அடுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் மண் போகவில்லை.

வரைபடக்காரர்:
கிழக்குப் பக்கத்து வீட்டில் போயிற்றா?

கழிமுகத்துக்காரன்:
அதை நான் போய்ப் பார்த்ததில்லை. நாளைக் காலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கழிமுகத்துக்காரன்:
பார்த்துவிட்டேன். என் கல் அடுக்கு முடிகிற இடத்திலிருந்து கிழக்கு வீட்டு அக்காவின் மனையில் அரைவட்டமாகக் கரை உள்ளே போயிருக்கிறது. வரைபடக்காரர் சொன்ன அதே பிறை வடிவம். அளந்தேன், ஆழமான இடத்தில் பதினோரு அடி. அங்கே ஒரு பூவரச மரம் இருந்தது, இப்போது வேர் பாதி வெளியே தொங்குகிறது, நீர் ஏறும்போது வேரில் அலை அடிக்கிறது. வேர்களுக்கு நடுவில் கை விட்டுப் பார்த்தேன், பின்னால் மண்ணே இல்லை, வெறும் குகை.

அக்காவிடம் கேட்டேன். "உன் கல்லால்தான் என்று எனக்கு அப்போதே தெரியும் தம்பி, உன் முற்றம் போனபோது நீ பட்ட பாட்டைப் பார்த்தேன், அதனால் சொல்லவில்லை" என்றார். ஆறு வருடமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறார். எனக்கு அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

மேற்கு வீட்டுக்காரர் எனக்குச் செய்யப் போகிறார் என்று நான் தூக்கம் கெட்டுக் கிடந்ததை நான் ஏற்கெனவே அக்காவுக்குச் செய்து முடித்திருக்கிறேன்.

நெய்தல்மகள்:
அண்ணா, இதை இங்கே வந்து எழுதியதற்கே உங்கள் மேல் மரியாதை கூடுகிறது.

வரைபடக்காரர்:
மனதைத் தளரவிட வேண்டாம். இதுவரை உங்கள் கடிதம் ஒரு வீட்டுக்கு எதிரான கடிதம். இனி மூன்று மனைக்கும் சேர்த்து ஒரே கரைத் திட்டம் கேட்கலாம். அதிகாரிகளுக்கும் அதுதான் சுலபம்.

அலை கொஞ்சமாக அடிக்கிற கழிமுகத்தில் கான்கிரீட் சுவர் தேவையே இல்லாமல் இருக்கலாம். கரையைச் சரிவாக வெட்டி, நீரோரத்தில் தாழ்வாக ஒரு கல்வரிசை, அதற்குப் பின்னால் மணல் நிரப்பி அந்த மண்ணுக்கே உரிய புல், சதுப்புச் செடிகள். அலை சரிவில் ஏறி வலு இழந்து இறங்கும், செடி மண்ணைப் பிடிக்கும், நண்டும் மீன்குஞ்சும் தங்கும். அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவை ஒட்டிய மேரிலாந்து மாநிலத்தில் 2008 சட்டப்படி கரையைக் காக்க முதலில் இந்த முறையைத்தான் பார்க்க வேண்டும், முடியாது என்று காட்டினால்தான் சுவருக்குப் பேச்சே. உங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்று நேரில் அளந்து பார்க்காமல் நான் சொல்லமாட்டேன், படகு போக்குவரத்தும் நீரோட்டமும் பலமாக இருந்தால் செடி நிற்காது. ஆனால் ஆய்வு செய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மூன்று மனைக்கும் தொடர்ச்சியாகச் செய்தால் முனை என்ற ஒன்றே நடுவில் வராது.

கல்லை நீங்களாகப் பிடுங்கிவிடாதீர்கள். ஒரே நாளில் எடுத்தால் ஆறு வருட அரிப்பும் உங்கள் அஸ்திவாரத்தைத் தேடி வரும்.

தென்றல்வீடு:
இப்போது போய் அவரிடம் பேசுங்கள். உங்கள் கல்லைப் பற்றியும் சொல்லுங்கள், அதை மறைத்துவிட்டுப் பேசினால் அவர் பிறகு கண்டுபிடிப்பார், அன்றைக்கு எல்லாம் முடிந்துவிடும்.

கழிமுகத்துக்காரன்:
கடிதம் கொடுத்துவிட்டேன், பதினெட்டாம் நாள். ஜன்னல் காட்சியை எடுத்துவிட்டேன். முதல் பக்கம் பாதை, பதினாறு பேர் கையெழுத்து, படகுக்காரர் ஒருவர் வீட்டில் இருந்த பழைய கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் பாதை அப்படியே தெரிகிறது. இரண்டாம் பக்கம் சுவரின் முனை, கூடவே என் கல் அடுக்கின் படமும் அக்கா மனையின் அளவும். மூன்றாம் பக்கம் நீர் இறைப்பும் செப்டிக் டேங்கும். மாடி உயரம் பற்றிக் கடைசியில் நான்கு வரி.

சாயங்காலம் மேற்கு மனைக்காரரைப் போய்ப் பார்த்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு கிழக்கே போய் அந்தப் பூவரசைக் காட்டினேன். நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, குனிந்து வேருக்குப் பின்னால் பார்த்தார், நிமிர்ந்து தன் மனையைப் பார்த்தார். "என் சுவர் முடிகிற இடத்தில் உங்களுக்கு இப்படி ஆகுமா?" என்று கேட்டார். ஆகும் என்றேன். மூன்று மாடி வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அதில் இருவருக்கும் கொஞ்சம் வார்த்தை தடித்தது.

சொந்தக்கால்:
முடிவு எப்படி வந்தாலும் எழுதுங்கள். நான் முதலில் எழுதியதில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். பெரிய வீடு குற்றமில்லை என்பதை மாற்றவில்லை.

கழிமுகத்துக்காரன்:
மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது, நிபந்தனைகளோடு. கான்கிரீட் சுவர் இல்லை. வீடு இருபத்தெட்டு அடி பின்னால் போகிறது. குளம் சாலைப் பக்கம் மாறியது. கரையோரம் எட்டடி அகலத்தில் பாதை வரைபடத்தில் ஏறிவிட்டது, அதற்குக் குறுக்கே வேலியோ கேட்டோ கூடாது என்று எழுத்தில் இருக்கிறது. நெய்தல்மகள், வேலை நடக்கும்போதும் பாதையை அடைக்கக்கூடாது என்று தனியாக ஒரு வரி கேட்டு வாங்கினேன், உங்கள் தாத்தாவை நினைத்துத்தான். மாடி மூன்றும் அப்படியே நிற்கிறது, எங்கள் பக்கத்து மேல்மாடி ஜன்னலுக்கு மட்டும் மங்கல் கண்ணாடி. மாலை வெயில் போகிறது, போகட்டும் என்று சொல்லமாட்டேன், வருத்தம்தான்.

மூன்று மனைக்கும் சேர்த்துச் சரிவுக் கரை அமைக்க ஆய்வு நடக்கிறது. செலவில் அக்கா பங்கை நான் ஏற்கிறேன், அது அவருக்கு நான் கொடுக்க வேண்டியது. என் கல்லில் ஒரு பகுதியை அந்தத் தாழ்வான வரிசைக்கே பயன்படுத்தலாம் என்கிறார்கள். பூவரசு பிழைக்குமா என்று இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடைக்கால் தோண்ட ஆரம்பிக்கிறார்கள். வரைபடக்காரர் சார், எங்கள் மேற்குச் சுவரில் ஏற்கெனவே இரண்டு விரிசல் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

வரைபடக்காரர்:
தோண்டுவதற்கு முன்னால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று வீடு முழுக்கப் படம் எடுங்கள், ஒவ்வொரு விரிசலின் பக்கத்திலும் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள், இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் விரிசலுக்குக் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டு வைத்து, இரண்டு முனையையும் ஜிப்சம் குழைத்து ஒட்டுங்கள். பெயின்ட்டின் மேல் ஒட்டினால் பிடிக்காது, செங்கல் தெரியும் வரை சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். தேதியைக் கண்ணாடி மேலேயே எழுதிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், எனக்கும் படம் அனுப்புங்கள்.

கழிமுகத்துக்காரன்:
இன்று மாலை ஒட்டியாயிற்று, இரண்டு விரிசலிலும். மேற்கு மனைக்காரர்தான் ஜிப்சம் குழைத்துக் கொடுத்தார்.